இரண்டாவது வல்லரசு

நாடுகளுக்கு மேலே தட்டிக் கேட்க ஆள் கிடையாது, ஆகையால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானேதான் காப்பாற்றிக்கொண்டாக வேண்டும் என்று முத்துப்பேச்சி முதல் படத்தைத் திரையில் காட்டிச் சொல்ல ஆரம்பித்தபோதே பேராசிரியர் அம்பலவாணனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. வாயைத் திறக்காமலே கொட்டாவி விடும் வித்தையை அவர் இந்த மாதிரி வைவாக்களில், பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுகளில், உட்கார்ந்து உட்கார்ந்தே கற்றிருந்தார். தாடை இறுகும், மூக்கு விரியும், கண்ணில் நீர் கோக்கும். பார்க்கிறவன் ஆய்வின் ஆழத்தில் மனுஷன் கரைந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வான். நினைக்கட்டும். நினைக்கத் தெரிந்தவன் இந்தக் கூடத்தில் எவன் இருக்கிறான்? முன்வரிசையில் வாத்தியார்கள், சாப்பாடு எப்போது என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு. பின்னால் எம்.ஏ. பிள்ளைகள், கூட்டம் காட்டுவதற்காக வகுப்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள், மேசைக்கடியில் செல்போனை நோண்டிக்கொண்டு. சாத்தூரைத் தாண்டி நாலுவழிச் சாலையோரம் பொட்டல்காட்டில் ஒரு கல்லூரி, அதில் அரசியல் அறிவியலுக்கு ஓர் ஆராய்ச்சித் துறை, அதில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம்! தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அது தன் தலையில் விழுந்தால் நாளைப் பேப்பரில் பெயர் வரும், கடைசியாக ஒரு தடவை வரும், என்று நினைத்து, ச்சீ, என்ன நினைப்பு இது என்று நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் காகிதத் தட்டில் காராச்சேவும் மைசூர்பாகும், மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து. ஈ வந்து கவிழ்த்த தட்டின் மேல் உட்கார்ந்து யோசித்தது. அரசு என்பது தன்னலம் கொண்டது என்றாள் முத்துப்பேச்சி. அடேயப்பா, கண்டுபிடித்துவிட்டாள்.

பெயரைப் பார், முத்துப்பேச்சி. டாக்டர் முத்துப்பேச்சி, அயலுறவு நிபுணர். வயது நாற்பதை நெருங்கும். இதே கல்லூரியில் வருஷக்கணக்காகக் கௌரவ விரிவுரையாளர், அதாவது கௌரவமும் கிடையாது, வேலையும் நிரந்தரம் கிடையாது. புதுப்பட்டுச் சேலை, மடிப்புக் கலையாமல் முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, குச்சியால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறாள். நூறு தடவை கண்ணாடி முன்னால் ஒப்பித்திருப்பாள். ஒப்பிக்கட்டும், எல்லாருமே ஒப்பித்தவர்கள்தான். வைவா என்பதே ஒரு நாடகம், இதில் தேர்வு எங்கே இருக்கிறது? ஆய்வேட்டைப் படித்து அறிக்கை அனுப்பி மாதங்களாகிவிட்டன. இன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்பார், அந்தக் கேள்வியையும் முந்தின நாளே போனில் சொல்லிவிடுவார், அதுதான் மரியாதை, அதுதான் வழக்கம். பார்வையாளர் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். கேட்கிற மூன்று பேருக்கும் அவளே எழுதிக் கொடுத்திருப்பாள். பிறகு கைதட்டல், பொன்னாடை, பிரியாணி. அம்பலவாணனும் நேற்று போன் செய்தார். "தாராளவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்பேன்மா, தயார் பண்ணிக்கோங்க" என்று தேன் ஒழுகச் சொன்னார். அவள் "ரொம்ப நன்றி சார், அடுத்த திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ இருக்கு சார், பட்டம் கையில இருந்தாத்தான் உள்ளயே விடுவாங்க" என்று உருகினாள். சொல்லிவிட்டு போனை வைத்தபோதே அவருக்குத் தெரியும், அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. சிறு நாடு, சிறு நாடு என்று ஆய்வேடு முழுக்க மூச்சுவிடாமல் எழுதியிருக்கிறாளே, சிறு நாடு என்றால் என்ன? நிலத்தில் சின்னதா, ஆள்தொகையிலா, படையிலா, பணத்திலா? உலகத்தில் எவனும் உருப்படியாகப் பதில் சொல்லாத கேள்வி. அதைக் கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், அவள் விழிப்பாள், இந்தக் கூடம் பார்க்கும், "திருப்தி இல்லை, மறுபடி வைவா வைக்கலாம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்வார். திங்கட்கிழமை போகும். போகட்டும். அவள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடி விழ வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு.

பக்கத்தில் கோதண்டபாணி, அவளுடைய கைடு, ஆய்வுக்கு வழிகாட்டி. கிராம்பை மென்றுகொண்டு, தொப்பை மேல் கை கோத்துக்கொண்டு, தன் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிற மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தான். அம்பலவாணனும் அவனும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள்; விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சோப்பு. காத்மாண்டு மாநாட்டுக்கு ஒருவர்தான் போகலாம் என்று வந்தபோது கோதண்டபாணி பேராசிரியர் வீட்டுக் கல்யாணத்தில் காய் நறுக்கினான், பந்தி பரிமாறினான், எச்சில் இலைகூட எடுத்தான், காத்மாண்டுக்கு ரயிலேறிவிட்டான். அம்பலவாணன் எடுத்த குளிராடை பெட்டியிலேயே இருந்தது; பிறகு மச்சினன் கேட்டான், கொடுத்துவிட்டார். பாவி, திரும்பி வந்து ஒரு ருத்ராட்ச மாலையை வேறு நீட்டினானே! அன்றைக்கு மூண்டது. இவர் தேசியக் கருத்தரங்கு நடத்தினால் அவன் அதே வாரத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்துவான். ஒரு யாழ்ப்பாணத்துக்காரரை மேடையில் உட்காரவைத்துவிட்டால் பன்னாட்டுக் கருத்தரங்கு ஆகிவிடும் இங்கே. இவர் அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்தோடு மாலத்தீவையும் சேர்த்தார். திருவனந்தபுரத்துக்கு முழங்கால் வைத்தியத்துக்கு வந்த ஒரு மாலத்தீவுக்காரரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார். அவன் ஒரு பிரெஞ்சுக்காரியைப் பிடித்தான், ஆரோவில்லிலிருந்து. நான் பயத்தில் கம்பு எடுத்தால் நீ அதைப் பார்த்துப் பயந்து அரிவாள் எடுப்பாய், உன் அரிவாளைப் பார்த்து நான் வேல்கம்பு எடுப்பேன், இரண்டு பேருக்குமே முதலில் அடிக்கிற எண்ணம் இருந்திருக்காது. இதற்குப் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயர் வைத்துப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். வருஷா வருஷம் வகுப்பில் இதை அவர் சொல்வார், கம்பு அரிவாள் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சொல்லிவிட்டு அறைக்கு வந்து பிரெஞ்சுக்காரிக்கு என்ன பதிலடி என்று யோசிப்பார். இதில் கேவலம் என்ன இருக்கிறது? கேவலம்தான். ஆனால் அந்தக் கேவலம் அவருடையது மட்டுமில்லை, கோதண்டபாணியுடையதும்.

திரையில் இப்போது தாராளவாதம். நாடுகள் கொடுக்கல் வாங்கலில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் சண்டை குறையும் என்றாள் முத்துப்பேச்சி. குறையுமாம், குறையும்! வீட்டில் அவரும் கோமதியும் காப்பி, ரத்தக்கொதிப்பு மாத்திரை, கரண்ட் பில், மகன் டல்லாஸிலிருந்து போனில் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னித்தான் கிடக்கிறார்கள். சண்டை குறைந்ததா? பேச்சு குறைந்தது. அடுத்தது ஆக்கவாதம், எதிரி என்று நாம் நினைப்பதால்தான் எதிரி எதிரியாகிறான், நினைப்பு மாறினால் உறவும் மாறும். இந்தக் கோட்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கோதண்டபாணியை நண்பன் என்று நினைத்துப் பார்த்தால் காத்மாண்டு திரும்பி வருமா? நினைப்பில் என்ன இருக்கிறது, படை இருக்கிறதா, பணம் இருக்கிறதா, அதைப் பார். நினைப்பு என்கிறார்கள் சோம்பேறிகள். உனக்கு என்ன படை இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, கோமதியின் குரல் மாதிரி. அவர் மைசூர்பாகைப் பார்த்தார். இல்லை, ஒன்றும் இல்லை. துறைத்தலைவர் பதவி சுற்றில் முடிந்து, அவர் பாடம் எடுத்த பெண்ணிடமே போய்விட்டது. ஓய்வு நெருங்கியவர்கள் புதிதாக ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அவர் பல்கலைக்கழகத்தில் புது விதி, வெளியே யாருக்கும் தெரியாது. கடைசி மாணவனும் பட்டம் வாங்கிப் போய்விட்டான், போன பிறகு ஒரு போன் இல்லை. அறையில் பாதியைத் தடுத்துக் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். நடைபாதையில் எதிரே வருகிற பையன்கள் இப்போது சுவரோரம் ஒதுங்குவதில்லை, அவர்தான் ஒதுங்குகிறார். போன மாதம் ஒருவன் மோதிவிட்டு "சாரி அங்கிள்" என்றான். அங்கிள்! அது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மாநாடுகளில் அவரைக் கண்டதும் தேநீர்க் கோப்பையோடு வேறு பக்கம் நழுவுகிறவன் உலகத்தில் ஒருவன்தான் பாக்கி, அது இந்தக் கோதண்டபாணி. அவனுக்கு மட்டும் இன்னும் பயம் இருக்கிறது. அந்தப் பயமும் இல்லையென்றால் அம்பலவாணன் என்று ஒருவன் இருந்ததற்கு என்ன சாட்சி?

இந்தப் பெண்ணுக்காவது தன் மதிப்புத் தெரிந்திருக்கிறது என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் இளகியது. இரண்டு வருஷத்துக்கு முந்தி அறைக்கு வெளியே வந்து நின்றாள், கையில் காராச்சேவுப் பொட்டலம். உட்காரச் சொல்லவில்லை, அவர் யாரையும் சொல்வதில்லை. "உங்க 'அதிகாரச் சமநிலை' புத்தகத்தைப் படிச்சுத்தான் சார் இந்த சப்ஜெக்ட்டுக்கே வந்தேன்" என்றாள். அந்தப் புத்தகத்தை அச்சடித்தவனே படித்திருக்க மாட்டான். கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது, கோமதி சாமான் ஒழிக்கும்போதெல்லாம் பழைய பேப்பர்க்காரனைக் கூப்பிடட்டுமா என்பாள். முத்துப்பேச்சி பக்க எண் சொல்லி மேற்கோள் காட்டினாள். கோதண்டபாணி சார் ஆய்வேட்டைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏன் பார்ப்பான்? அவள் பட்டம் வாங்கிப் போய்விட்டால் அவன் வகுப்புகளை யார் எடுப்பது, அவன் மாமியாரை யார் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அவன் மேடைப்பேச்சை யார் எழுதுவது? எந்தக் கைடுதான் சும்மா கிடைத்த ஆளை விடுவான்? அவர் தலை நிமிராமல் ஏதோ சொன்னார். பிறகு ஆய்வேடு அவரிடமே தேர்வுக்கு வந்தது. தம் புகழைக் கேட்டுப் பல்கலைக்கழகமே தேடி அனுப்பியிருக்கிறது என்று அன்று இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவர் புத்தகம். கோதண்டபாணியின் புத்தகம் பின்னிணைப்புக்குப் பக்கத்தில் எங்கேயோ ஓர் அடிக்குறிப்பு. மிகச் சிறந்த ஆய்வு என்று எழுதி அனுப்பினார். எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை.

"டேய் அம்பலம்" என்று காதருகே கிராம்பு வாசனை அடித்தது. கோதண்டபாணி சாய்ந்திருந்தான், திரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல். விடுதியை விட்ட பிறகு அவன் டேய் போட்டது இதுதான் முதல் தடவை. திரையில் நேபாளத்து வரைபடம், மேலே ஒரு பெரிய நாடு, கீழே ஒரு பெரிய நாடு. "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. நீ இவளை உன்கிட்ட மாத்திக்கிறேன்னு சொன்னியாமே?" அம்பலவாணனுக்கு விளங்கவில்லை. "எவன் சொன்னான்?" என்றார். "அவதான். அழுதுக்கிட்டு வந்து நிக்கா. அம்பலவாணன் சார் என்கிட்ட வந்துருன்னு கூப்பிடுதாங்க, உங்களை விட்டுட்டுப் போக மனசில்லை, என்ன செய்யட்டும் சார்ங்கா. நான் வளர்த்த பிள்ளையை நீ கொத்திக்கிட்டுப் போவ, நான் வேடிக்கை பாக்கணுமா? மறுநாளே ஆய்வேட்டை அனுப்பலாம்னு ஆய்வுச் சுருக்கத்துல கையெழுத்துப் போட்டேன்." கோதண்டபாணி கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். அப்படியென்றால் என்னைத் தேர்வாளராகப் போட்டது யார் என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அம்பலவாணன் கேட்டுவிட்டார். "நான்தான் பட்டியல்ல உன் பேரைக் கொடுத்தேன். அதுவும் அவ சொன்ன யோசனைதான். அவங்களையே தேர்வாளரா போட்டுட்டா அப்புறம் அவங்களால என்னை ஸ்காலரா எடுக்க முடியாதுல்லா சார்ன்னா. எப்படி? உன் வாயை நானே அடைச்சிட்டேன் பாத்தியா?" என்று சொல்லி, முன்வரிசை பார்த்துவிடாதபடி தொப்பை மட்டும் குலுங்கச் சிரித்தான்.

நான் என்ன சொன்னேன்? வரைபடம் போய் வேறு படம் வந்தது, அம்பலவாணனுக்கு எழுத்து தெரியவில்லை. நான் என்ன சொன்னேன் அன்றைக்கு? வா என்று சொன்னேனா? சொல்லியிருக்க முடியாது, எனக்கு யாரையும் எடுக்கிற உரிமையே அப்போது போய்விட்டதே. பார்க்கலாம் என்றேனா? ஆகட்டும் என்றேனா? தலையைக்கூட நிமிர்த்தவில்லையே. சேவுப் பொட்டலத்தை அங்கே வை என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன், அங்கே வைத்துவிட்டுப் போம்மா என்றேன். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய், அந்த அங்கே வையை எடுத்துக்கொண்டு போய், அடிப்பாவி! புத்தகத்தைப் பக்கம் சொன்னாளே, அதற்காகவா படித்தாள்? வழியில், பஸ்ஸில், சாத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து நாலு பக்கம் மனப்பாடம் செய்திருப்பாள். அவள் வந்தது அவரைப் பார்க்க இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்வதற்கு. கோதண்டபாணியைப் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்ட ஒரு பூச்சாண்டி வேண்டியிருந்தது, அவ்வளவுதான், வைக்கோலுக்குச் சட்டை போட்டு நிறுத்தியிருக்கிறாள். இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேனே, கோமதியிடம் வேறு சொன்னேனே, நம்மைத் தேடி அனுப்பியிருக்கிறார்கள் என்று. கோமதி பேப்பரிலிருந்து தலை நிமிராமல் "அப்படியா" என்றாள், அவளுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ? காது சூடாகியது. அவருக்கு அவமானமாக இருந்தது, அழுகை வருகிற மாதிரியான அவமானம், பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் நிக்கர் கிழிந்த மாதிரி. சிறு நாடு என்றால் என்ன என்ற கேள்வி இனிமேல் எதற்கு? அது கோதண்டபாணிக்காகச் செய்து வைத்தது. இவளுக்கு வேறு வேண்டும். அவளைப் பார்த்தார். குச்சி ஏறி இறங்கும்போதெல்லாம் கையில் வளையல் குலுங்கியது, ரவிக்கையின் கழுத்தோரம் வியர்வையில் நிறம் மாறியிருந்தது. கண் ஒரு கணம் இவர்கள் இரண்டு பேர் பக்கமும் வந்து, சாய்ந்திருந்த கோதண்டபாணியின் தலையைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டது. ஒப்பித்துக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்தது. இவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டாள். நல்லது. பயப்படட்டும்.

முடிவுரை, நன்றி, கைதட்டல். துறை ஆசிரியர் ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, அறிவுக்கடல் அம்பலவாணன் ஐயா வினாக்களைத் தொடுப்பார் என்றார். கடல்! அம்பலவாணன் மைக்கை வாங்கவில்லை, குரலே போதும், இன்னும் அது இருக்கிறது. "இரண்டு வல்லரசுக்கு நடுவுல மாட்டின சின்ன நாடு, இரண்டாவது பக்கம் சாயறேன்னு காட்டி முதல் வல்லரசுகிட்ட காரியம் சாதிச்சுக்கும்னு எழுதியிருக்கீங்க" என்று நிதானமாக ஆரம்பித்தார். முத்துப்பேச்சி தலையசைத்தாள். "சரி. அந்த இரண்டாவது வல்லரசு ஒரு வாக்கும் கொடுக்கலை. வான்னு கூப்பிடலை. கூப்பிடற நிலைமையிலயும் இல்லை, கையில ஒண்ணுமே கிடையாதுன்னு வெச்சுக்கோங்க. ஆனா சின்ன நாடு போய், கூப்பிட்டாங்கன்னு சொல்லிடுது. அதுக்கு என்னம்மா பேரு?" பின்வரிசையில் ஒரு பெண் செல்போனிலிருந்து தலை நிமிர்ந்தாள். பொய் என்று சொல், சொல்லு, பித்தலாட்டம் என்று உன் வாயால் சொல்லு. முத்துப்பேச்சி மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகத் தெரியாதவள் மாதிரி திருகினாள், குடிக்காமலே வைத்தாள். கோதண்டபாணி "நல்ல கேள்வி, நல்ல கேள்வி" என்று முணுமுணுத்தான், மடையன், ஒன்றும் புரியாமல். அவள் திங்கட்கிழமை அவள் கண்ணில் தெரிந்தது. வருஷங்கள் தெரிந்தன, கண்ணாஸ்பத்திரி வராந்தா தெரிந்தது. அழுதுவிடுவாளோ என்று அம்பலவாணன் ஆசையோடு காத்திருந்தார்.

"அதைச் சோதிச்சுப் பாக்க வேண்டியது முதல் வல்லரசு சார்" என்றாள். ஒப்பிக்கிற குரல் போய்விட்டது, வீட்டில் பேசுகிற குரல், கொஞ்சம் கரகரத்தது. "இரண்டாவது நாட்டைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே தெரிஞ்சு போயிருக்கும். கேக்காது சார். ஏன்னா அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லை. பெரியவங்க பேசிக்காம இருக்கிற அந்த இடம்தான் சின்ன நாடு நிக்கிற இடம். அதைத் தவிர அதுகிட்ட ஒண்ணுமே கிடையாது சார்." மூச்சு வாங்கினாள். அம்பலவாணன் விடவில்லை, அப்போ இரண்டாவது வல்லரசோட பலம், அது கணக்குலயே இல்லையா என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் இப்போது அவரை நேராகப் பார்த்தாள், அந்த அறை வாசலில் நின்றபோது பார்க்காத பார்வை. "இரண்டாவது வல்லரசு நிஜமாவே பலமா இருக்கணும்னு அவசியம் இல்லை சார். இருக்குன்னு முதல் வல்லரசு நம்பினா போதும். அதனால இரண்டாவதுக்கும் நஷ்டம் இல்லை, இல்லாத மதிப்பு வந்து சேருது." பிறகு, அவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி, குச்சியை மேசையில் வைத்துவிட்டு, "வேற வழி இருந்திருந்தா அந்த நாடு இதைச் செஞ்சிருக்காது சார்" என்றாள். கை தட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று தட்டியவனுக்கே தெரிந்திருக்காது. பதில் நீளமாக இருந்தது, முடிந்துவிட்டது, தட்டினார்கள். எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளும் வரிசையாக வந்தன, ஒருவன் தன் கேள்வியை மறந்துவிட்டுச் சட்டைப்பையில் தேடினான். அம்பலவாணன் அதையெல்லாம் கேட்கவில்லை. இல்லாத மதிப்பு, இல்லாத மதிப்பு என்று உள்ளே ஊசி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. என்னிடம் சொல்கிறாள், என் முகத்துக்கு நேரே, என் புத்தகத்தை வைத்துக்கொண்டே.

கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். முடிவு செய்வதற்குத் தேர்வாளரும் கைடும் மட்டும் உள்ளே இருப்பது முறை. சொல்லிவிட வேண்டியதுதான். கோதண்டபாணி, உன் மாணவி உன்னை முட்டாளாக்கிவிட்டாள், நான் அவளைக் கூப்பிடவே இல்லை. சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும்! அதைப் பார்ப்பதற்கு எத்தனை வருஷம் காத்திருந்தார்! நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவே இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பான். கூப்பிடுகிற உரிமை எனக்கு இல்லை. எப்போதிலிருந்து என்பான். அறையில் பாதி போய்விட்டது, அங்கிள் என்கிறார்கள், மாலத்தீவுக்காரர் கடைசியாகக் கூப்பிட்டபோது போனையே எடுக்கவில்லை. எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும், ஒன்றைத் தொட்டால் ஒன்று வரும். கோதண்டபாணி முதலில் அவளைத் திட்டுவான். பிறகு சிரிப்பான். அடுத்த மாநாட்டில் தேநீர்க் கோப்பையோடு நேரே வந்து தோளில் கை போட்டு, என்னடா அம்பலம் சௌக்கியமா என்பான். அந்தக் கை தோளில் விழுகிற கனத்தை அவர் இப்போதே உணர்ந்தார், உடம்பு கூசியது. கோதண்டபாணி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "கோச்சுக்கிடாத, சும்மா கேக்கேன்" என்றான், கதவைப் பார்த்துக்கொண்டே, குரல் இறங்கி, விடுதி அறையில் விளக்கணைத்த பிறகு பேசுகிற குரலில். "நான் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா, நிஜமாவே எடுத்திருப்பியா?"

"சந்தேகமா?" என்றார் அம்பலவாணன். "அடுத்த நாளே எடுத்திருப்பேன்."

கோதண்டபாணியின் வாயில் கிராம்பு மெல்வது நின்றது. நின்றுவிட்டு, மெதுவாக மறுபடி ஆரம்பித்தது. "செய்வ, நீ செய்யக்கூடிய ஆளுதான்" என்று சொல்லிப் பேனாவை நீட்டினான். அம்பலவாணன் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவைத் திறந்தார்கள், பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்தார், மறுபடி கைதட்டல், யாரோ டாக்டர் முத்துப்பேச்சி என்று கத்தினார்கள். அவள் இரண்டு பொன்னாடைகளோடு வந்தாள். வெளியூர்க்காரருக்குப் பெரியது, கைடுக்குச் சின்னது என்பது வழக்கம். வழக்கம் தெரியாதவள் இல்லை. இரண்டும் ஒரே நீலம், ஒரே சரிகைக் கரை, ஒரே அகலம். முதலில் கோதண்டபாணிக்குப் போர்த்தினாள், உடனே இவருக்கு, நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. குனிந்து காலைத் தொட்டபோது அவள் தலை வகிட்டில் குங்குமம் வியர்வையில் கரைந்து நெற்றிக்கு வழிந்திருந்ததைப் பார்த்தார். சிரிக்கிறாளா என்று தேடினார். சிரிக்கவில்லை, களைத்துப்போய் இருந்தாள், நிற்க முடியாத களைப்பு. ஏதாவது சொல்ல வேண்டும், சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு வார்த்தை, ஆயுசுக்கும் மறக்காத வார்த்தை. "திங்கட்கிழமை நேரத்தோட போய்ச் சேரு" என்றார். "சரிங்க சார்" என்றாள் அவள். பிரியாணி மணம் வராந்தா முழுக்க வந்துவிட்டது, முன்வரிசை எழுந்து ஓடியது. வாசல் குறுகலானது. கோதண்டபாணி முதலில் போய்ச் சேர்ந்தவன், தொப்பையை உள்ளிழுத்துச் சுவரோடு ஒட்டி நின்று, "நீ போ, நீ முதல்ல போ" என்று வழிவிட்டான். அம்பலவாணன் நீலப் பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து, அவனைத் தாண்டிப் போனார். பின்னால் முத்துப்பேச்சி வந்துகொண்டிருந்தாள், வளையல் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.